விடுவதற்குத்தான் நீராவி

எங்கள் கண்ட்ரோல் ரூமில் சாயந்திரம் டீ வந்ததும் எல்லோரும் ஊதுவோம். டீயை இல்லை. உதட்டைக் குவித்துக்கொண்டு, வெறும் காற்றில், தம் தீரும்வரை ஊதுவோம். மேசை மேல் ஒரு செல்போன் ஸ்பீக்கரில் கிடக்கும். அதற்குள்ளிருந்தும் ஒருவர் ஊதுவார். அவர் சேலத்தில் தன் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். எங்கள் ஷிப்ட் இன்சார்ஜ் மேடத்தின் கணவர் அவர்.

ஒருமுறை ஆடிட்டுக்கு வந்த அதிகாரி அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துவிட்டார். தடித்தடியாக மீசை வைத்த ஆம்பளைகள் வட்டமாக உட்கார்ந்து வாயைக் குவித்திருப்பதைப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். மேடம் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்.

மேடத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால், "எதுக்குப்பா இதெல்லாம், விட்டுத்தள்ளு" என்பார். அவர் வாயில் ஒரு நாளைக்கு நூறு தடவை வருகிற வார்த்தை அது.

மேட்டூரில் எங்கள் கெமிக்கல் கம்பெனியில் நான் பாய்லரில் இருந்தவன். நிலக்கரிப் பாய்லர். பிறந்தது திருச்செங்கோடு பக்கம்; சூடும் சத்தமும் எனக்குப் பழக்கம். சந்தோஷமாகத்தான் இருந்தேன். திடீரென்று ஒரு நாள், பாய்லர் புகைபோக்கியில் போகிற புகையில் ஒரு பங்கைத் திருப்பி, அதிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து, பக்கத்து ஷெட்டில் சோடா உப்பாக மாற்றும் யூனிட் ஒன்று கட்டினார்கள். என்னைத் தூக்கி அதில் போட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வானத்துக்குப் போகிற புகையைப் போகவிடாமல் மறித்து நிற்பது ஒரு மனுஷன் பார்க்கிற வேலையா?

"மாப்ளைங்க இப்ப என்ன வேலை பாக்கறீங்க?" என்று பள்ளிபாளையத்து மாமனார் கேட்டார்.

"புகை புடிக்கிற வேலைங்க மாமா" என்றேன். மனுஷர் என் பெண்டாட்டியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்.

முதல் நாள் யூனிட் வாசலில் மேடம் நின்றிருந்தார். நூல் புடவை, அதற்கு மேல் நீலக் கோட்டு, காலில் ஆம்பளை சைஸ் சேஃப்டி ஷூ. ஹெல்மெட் உட்காருவதற்காகக் கொண்டையைப் பிடரிக்குக் கீழே இறக்கிப் போட்டிருந்தார். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. குனியும்போது பைப்பில் இடிக்கக் கூடாதென்று அதைக் கோட்டுக்குள் செருகிக்கொள்வார். என் மூஞ்சியைப் பார்த்தே ஆத்திரம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் நேரே இரண்டு டவர்களுக்கும் நடுவில் கூட்டிப்போய் நிறுத்தினார்.

"பாருப்பா, இந்த முதல் டவர்ல மேலேருந்து ஷவர் மாதிரி கொட்டுது பாரு, அதுதான் மருந்து. கீழேருந்து புகை ஏறுது. ஏறும்போது மருந்து கார்பன் டை ஆக்சைடை மட்டும் கப்புன்னு பிடிச்சுக்கும். பிடிச்சுட்டா அவ புள்ளத்தாச்சி. அடிக்காம அதட்டாம பம்ப்ல ஏத்தி அடுத்த டவருக்கு அனுப்பறோம். அது பிரசவ ஆஸ்பத்திரி. அங்க நீராவியில சூடு காட்டினா பெத்துப் போட்டுட்டு வெறுங்கையோட இங்க திரும்பி வருவா. வந்து மறுபடி புள்ளத்தாச்சி."

"பாவமுங்க மேடம் அவ" என்றேன், கோபத்தோடேயே.

"பாவந்தான். என்ன பண்றது, நம்ம ஊர் சோடா உப்புக்கு அவதான் தாய்."

அன்றிலிருந்து எங்கள் யூனிட்டில் யாரும் அந்தக் கரைசலை அதன் வாயில் நுழையாத பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லாபுக்குப் போன் போட்டால்கூட, "புள்ளத்தாச்சிக்கு ரிசல்ட் வந்துதுங்களா?" என்றுதான் கேட்போம்.

மேடம் தினமும் ஒரு பாட்டிலில் கரைசல் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். லாப் ரிப்போர்ட் வருவதற்கு முன்பே அவருக்கு அது வேண்டும். டீ நிறத்தில் இருந்தால் சரி. டிகாக்‌ஷன் நிறத்துக்குப் போய்விட்டால் முகம் வாடிவிடும். நாள்பட்ட கரைசல் பிடித்ததை விடாது. எவ்வளவு சூடு காட்டினாலும் கொஞ்சத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அப்புறம் புதிதாக ஒன்றையும் பிடிக்காது. "பிடிக்கிறதெல்லாம் ஒரு வேலையே இல்லப்பா. விடத் தெரியணும்" என்று பாட்டிலைப் பார்த்தே சொல்வார். பாட்டிலுக்குச் சொல்கிறாரா எங்களுக்கா என்று தெரியாது.

எங்களுக்கும்தான். ஒருமுறை கோயில் நோம்பிக்கு லீவு எடுப்பதில் ஃபிட்டர் முத்துசாமிக்கும் இன்னொரு ஆபரேட்டருக்கும் தகராறு. இருவருக்கும் ஒரே ஊர், ஒரே மாரியம்மன். ஒருத்தன் போனால் ஒருத்தன் ஷிப்டில் இருந்தாக வேண்டும். பேச்சு முற்றிக் குடும்பம்வரை போய்விட்டது. நோம்பி முடிந்து ஒரு மாதமாகியும் முறைத்துக்கொண்டே திரிந்தார்கள். மேடம் இருவரையும் இரண்டாவது டவருக்கு அடியில் கூட்டிப்போய், நீராவிப் பைப்புக்குப் பக்கத்தில் கையை நீட்டச் சொன்னார்.

"சூடு தெரியுதா?"

"தெரியுதுங்க மேடம்."

"முதல் டவர்ல ஏதாவது சூடு இருக்கா? இல்ல. பிடிக்கிறது தானா நடக்கும், அதுக்குச் செலவே கிடையாது. இந்த யூனிட்ல ஆகற செலவெல்லாம் விடறதுக்குத்தான். இவ்வளவு நீராவியும் விடறதுக்குத்தான் போகுது. கஷ்டமாத்தான்டா இருக்கும். விட்டுத்தள்ளுங்க ரெண்டு பேரும்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். கோபம் அன்றைக்கே போனதா என்று கேட்டால், இல்லை. ஆனால் அடுத்த வருஷம் முத்துசாமி தானாகவே வந்து, "நீ போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றான்.

அந்த நீராவியை வைத்துத்தான் மேலிடத்துக்கும் மேடத்துக்கும் ஓயாத சண்டை. நீராவியைக் குறை, நீராவியைக் குறை என்று மெயில் மேல் மெயில். மேடம் மீட்டிங்குக்குப் போவார், வருவார், ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைப்பார். "புரிய மாட்டேங்குதுப்பா அவங்களுக்கு. சூடு காட்டாம விடுன்னா எப்படி விடும்?" என்பார். நாங்கள் யாரும் நீராவி வால்வைத் தொட மாட்டோம்.

கேன்டீனில் போண்டா போடும் நாட்களில் அவரைப் பார்க்க வேண்டும். ஒன்றை எடுத்துப் பிட்டு உள்ளே காற்றறை விழுந்திருப்பதைக் காட்டி, "நம்ம புகைதான்டா. போன வாரம் நான்தான் பிடிச்சுக் குடுத்தேன்" என்பார். சமையல்காரர், "ஏனுங்க மேடம், இது கடையில வாங்கின சோடா உப்புங்க" என்று தலையில் அடித்துக்கொள்வார். மேடத்துக்கு அதெல்லாம் கணக்கே இல்லை. எந்த போண்டாவானாலும் அது தன் பிள்ளைதான் என்று சாதிப்பார்.

வீட்டில் என்ன நிலைமை என்பது எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது. டீ நேரத்தில் கண்ட்ரோல் ரூமை விட்டு வெளியே போய்ப் போன் பேசிவிட்டு வருவார், அவ்வளவுதான். ஒரு மழை நாளில் வெளியே போக முடியாமல் உள்ளேயே பேசினார். கம்ப்ரசர் சத்தத்தில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டார். "என்னங்க, மூக்கால இழுங்க. உதட்டைக் குவிங்க. மெதுவா... மெதுவா விடுங்க. மெழுகுவர்த்தி அணையக் கூடாது, சாயணும், அவ்வளவுதான்." அந்தப் பக்கம் சைக்கிள் ட்யூபில் காற்று இறங்குவது மாதிரி ஒரு சத்தம்.

அப்புறம்தான் சொன்னார். கணவருக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. உள்ளே இழுக்கிற காற்று இழுபடுகிறது, வெளியே போகமாட்டேன் என்கிறது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்குகிறது. தேங்கினால் மயக்கம். மயக்கம் முற்றினால் அவ்வளவுதான்.

சொல்லிவிட்டு மேடமே சிரித்தார். "பாத்தியாப்பா கூத்தை. இங்க அது வெளிய போகக் கூடாதுன்னு சம்பளம் வாங்கறேன். வீட்டுக்குப் போனா அது வெளிய போகணும்னு மாதாகிட்ட மன்றாடறேன்."

மறுநாள் டீ நேரத்தில் அவர் எழுந்து வெளியே போகப் போனபோது முத்துசாமி, "இங்கயே பேசுங்க மேடம். நாங்களும் ஊதறமுங்க. சாருக்கு ஒரு துணைக்கு" என்றான். இப்படித்தான் அந்த வழக்கம் ஆரம்பித்தது.

சாரை நாங்கள் நேரில் பார்த்தது ஒரே ஒரு கிறிஸ்துமஸுக்கு. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் பெரிய வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்ன வீடு. வாசலில் நட்சத்திரம் தொங்கியது. ஹாலிலேயே கட்டில். மூக்கில் ஆக்சிஜன் குழாய். கட்டிலுக்கு எதிரே மாதா படமும் ஒரு மெழுகுவர்த்தியும் இருந்தன. அவர் தினமும் ஊதிச் சாய்ப்பது அந்தச் சுடரைத்தான். எலும்பும் தோலுமாக இருந்தார். வாய் மட்டும் அடங்கவில்லை.

"வாங்க, வாங்க, ஊதற கோஷ்டியா?" என்றார். நான்கு வார்த்தைக்கு ஒருமுறை நின்று நின்று பேசினார். சேலத்து வெள்ளைக்கல் சூளையில் சூப்பர்வைசராக இருந்தவராம். "அந்தக் கல்லுக்குள்ள என்ன இருக்கு தெரியுமா தம்பி? இவ பிடிக்கிற அதே கார்பன் டை ஆக்சைடுதான். எந்தக் காலத்துலயோ மலை அதைப் பிடிச்சுப் பூட்டி வச்சிருக்கு. நாங்க சூளையில போட்டு வறுத்து வறுத்து அத்தனையும் வானத்துல விட்டோம். நான் விட்டதைத்தான் இப்ப இவ பிடிச்சுட்டு இருக்கா. போதாததுக்குச் சிகரெட் வேற. நான் புகை பிடிச்சுக் கெட்டேன். இவ புகை பிடிச்சுச் சம்பாதிக்கறா."

மேடம் அடுப்படியில் பிரியாணிக்குத் தம் போட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்தே, "பேசாதீங்க, மூச்சு வாங்கும்" என்று கத்தினார்.

சார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தம்பி, நீங்க சொன்னா கேப்பா. போன தடவை ஆஸ்பத்திரியில தொண்டைக்குள்ள குழாயை இறக்கிட்டாங்க. பேச முடியல, தண்ணி கேக்க முடியல, கையைக் கட்டி வச்சிருந்தாங்க. பிழைச்சு வந்துட்டேன், சரி. அடுத்த தடவை வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். இவகிட்டயும் சொல்லிட்டேன். காதுலயே வாங்க மாட்டேங்கறா. ஊருக்கெல்லாம் விடு விடும்பா. என்னை மட்டும் விட மாட்டா." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் திணறலாகிவிட்டது.

இங்கேதான் முத்துசாமி அந்தக் காரியத்தைச் செய்தான். எங்களைப் போல வால்வோடு வாழ்கிறவனுக்குத்தான் அது தோன்றும். எது குறைந்தாலும் திறந்துவிடு. ஆக்சிஜன் மெஷினில் அளவு வைக்கிற திருகை யாரும் தொடக் கூடாதென்று மேடம் அதன் மேல் பிளாஸ்டர் ஒட்டி வைத்திருந்தார். "மனுசன் இப்புடித் திணறறாரு, இத்தினியூண்டு வச்சா எப்புடி பத்தும்?" என்று பிளாஸ்டரை உரித்துத் திருகை முழுக்கத் திறந்துவிட்டான். திணறல் அடங்கியது. சார் முகத்தில் ஒரு நிம்மதி. கண்ணை மூடிக்கொண்டார். "பாருங்க, எப்புடித் தூங்கறாரு" என்று நாங்களும் சந்தோஷப்பட்டு, பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

மேடம் பிரியாணிச் சட்டியோடு வந்தவர் மெஷினைப் பார்த்தார். சட்டியைத் தரையில் வைத்தாரா போட்டாரா தெரியவில்லை. "மாதாவே! யாருடா இதைத் திறந்தது?" அந்தக் குரலை நான் யூனிட்டில் கேட்டதே இல்லை. திருகைப் பழைய அளவுக்குக் குறைத்துவிட்டு சார் கன்னத்தில் தட்டினார், உலுக்கினார், கட்டிலோரம் இருந்த மூச்சுத்தள்ளும் மெஷினின் மாஸ்க்கை முகத்தில் இறுக்கிக் கட்டினார். "இவருக்கு ஆக்சிஜன் கூடினா உள்ள இருக்கறது வெளியே வராதுடா. தூங்கறாருன்னு நினைச்சீங்களா? போயிட்டு இருக்காருடா!" சார் கண் திறப்பதற்குள் நாங்கள் செத்துப் பிழைத்தோம். முத்துசாமி மாதா படத்துக்கு முன்னால் நின்று, "பண்ணிப்போட்டனுங்களே சாமி, பண்ணிப்போட்டனுங்களே" என்று தேம்பினான். பிரியாணியை யாரும் சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் முத்துசாமி கண்ட்ரோல் ரூம் பக்கமே வரவில்லை. டீயை வெளியே பம்ப் ஓரத்தில் நின்று குடித்தான். சில நாள் பார்த்துவிட்டு மேடமே எழுந்து போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"இன்னையிலிருந்து நீதான் சொல்லணும். இழுங்க, குவிங்க, விடுங்க. உன் குரல்தான் கம்ப்ரசர் சத்தத்தைத் தாண்டிக் கேக்குதுன்னு அவரே சொல்றார்."

"வேண்டாமுங்க மேடம், என்ற கை..."

"கையை எவன்டா கேட்டான்? குரல் குடு. விட்டுத்தள்ளு."

போனுக்குள்ளிருந்து, "முத்துசாமி... ஆரம்பிப்பா... டீ ஆறுது" என்று சார் சொன்னார். அவன் அழுதுகொண்டேதான் ஆரம்பித்தான்.

சார் என்னிடம் சொன்னதை மேடத்திடம் சொல்ல வேண்டுமே என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது மெதுவாக எடுத்தேன். "சார் அன்னைக்கு ஒண்ணு சொன்னாருங்க மேடம். அந்தக் குழாய் விசயம்..."

"தெரியும்" என்றார். "எங்கிட்டயும் சொல்லியிருக்கார்." அப்புறம் பையைத் திறந்து எதையோ தேடினார். ஒன்றும் எடுக்காமல் மூடினார். "இன்னைக்குப் பஸ் லேட்டுப்பா."

எனக்குக் கோபமே வந்தது. எங்கள் ஒவ்வொருத்தன் மனதிலும் கிடந்ததை வெளியே எடுத்துப் போடச் சொன்ன அம்மா, தன் விஷயத்தில் இப்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே என்று. பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து மேட்டூர் புகைபோக்கிகளையே பார்த்துக்கொண்டு போனார். கோபப்பட்டதற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன். எனக்கு அந்த நிலைமை வந்தால் நான் விட்டுவிடுவேனாக்கும்?

அதற்கடுத்த வருஷம் தவக்காலத்தில் மேடம் லீவில் போனார். சாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகத் தெரிந்தது. எங்கள் டீ நேரம் ஓரிரு நாள் சத்தமில்லாமல் போனது. பிறகு ஒருநாள் டீ டம்ளரைக் கையில் எடுக்கும்போது போன் அடித்தது. எப்போதும் நாங்கள்தான் இங்கிருந்து போடுவோம். அன்றைக்கு அங்கிருந்து வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"எல்லாரும் இருக்கீங்களாப்பா?" மேடம்தான். குரல் உலர்ந்துபோயிருந்தது. "டாக்டர் குழாய் போடட்டுமான்னு கேட்டார். நீ சொல்லு, நீ சொல்லுன்னு எல்லாரும் என்னையே பாக்கறாங்க. வேண்டாம்னு சொல்லிட்டேன்."

கையிலிருந்த டம்ளரை மேசையில் வைத்தேன்.

"அவருக்கு இனிமே ஊத முடியாது. ஆனா காது கேக்குது. போனைக் காதுகிட்ட வைக்கிறேன். இன்னைக்கு நீங்க ஊதுங்க. முத்துசாமி, நீ சொல்லுப்பா."

முத்துசாமி எழுந்து நின்றான். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். "சார்... நானுங்க... மூக்குல இழுங்க... உதட்டைக் குவிங்க..." அப்புறம் குரல் உடைந்துவிட்டது. கடைசி வார்த்தை வரவே இல்லை. அவனோடு நோம்பிக்குச் சண்டை போட்ட அந்த ஆபரேட்டர்தான் எழுந்துபோய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா... விடுங்க சார்" என்றான்.

ஊதினோம். பேனலில் ஏதோ ஒரு அலாரம் அடித்தது. ஒருத்தன் எட்டி அதை அமர்த்திவிட்டு வந்து சேர்ந்துகொண்டான். திரும்பத் திரும்ப ஊதினோம். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. போனுக்குள் மெஷின்களின் சத்தமும், நடுவில் மேடம் ஏதோ முணுமுணுப்பதும் கேட்டன. ஜெபமா, அவரிடம் பேசினாரா தெரியாது. ரொம்ப நேரம் கழித்து, "போதும்ப்பா. சிரிச்சாரு. போதும்" என்றார். போன் அணைந்தது.

சாருக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்து மேடம் வேலைக்கு வந்தார். அதே ஷூ, அதே கோட்டு. பாட்டிலில் கரைசல் எடுத்து ஜன்னலில் தூக்கிப் பார்த்தார். டீ நிறம். "நல்லா வச்சிருக்கீங்கப்பா" என்றார். அப்புறம் தனியாக இரண்டாவது டவர் பக்கம் நடந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை, பின்னாலேயே போனேன்.

நீராவிப் பைப்புக்குப் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் மறுபடியும் நீராவியைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவருக்கு வேறு ஏதாவது நினைப்பு வரட்டுமே என்றுதான்.

"குறைச்சுராதப்பா" என்றார். திரும்பவில்லை. "விடறதுக்கு இவ்வளவு ஆகத்தான் செய்யும்." சொல்லிவிட்டு, அந்தச் சூட்டுப் பக்கமே நின்று, இத்தனை நாள் அழாததையெல்லாம் சேர்த்து அழுதார். நான் போகாமல் நின்றேன்.

அன்று முழுக்க நான் அந்த நீராவி வால்வைத் தொடவில்லை.